கூட்டினால் எட்டு

ராயபுரம் கல்மண்டபம் பக்கம், மீன் வண்டிகள் திரும்பும் சந்தில் ஜஸீமா வைத்திருக்கும் கணினிக் கடைக்கு ஒரு பெருமை உண்டு. அங்கே இதுவரை ஒரு தவறும் நடந்ததில்லை. நடந்ததையெல்லாம் கரண்ட் செய்தது, உப்புக் காற்று செய்தது, எண்ணூரிலிருந்து பறந்து வரும் சாம்பல் செய்தது. இவை எதுவும் பொருந்தாவிட்டால் வாடிக்கையாளரின் கிரகம் செய்தது. ஜஸீமா மட்டும் எதுவும் செய்ததில்லை.

ஒரு முறை கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் தம்பியின் பெயர் வந்துவிட்டது. பெண் வீட்டார் கூட்டமாகத் திரண்டு வந்தார்கள். ஜஸீமா முக்காட்டைச் சரி செய்துகொண்டு, பத்திரிகையை நிதானமாக ஒரு முறை படித்துவிட்டு, "யாரு மாப்ளைன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? அப்பறம் இன்னா பேஜாரு?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானதா என்று அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டாள். இப்படி ஒரு சாமர்த்தியத்தைப் படித்து வாங்க முடியாது, பிறக்கும்போதே கொண்டுவர வேண்டும்.

அவள் கணவன் தப்ரேஸ் ஏசி மெக்கானிக். சாந்தமான மனிதன். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரே ஒரு ஆசையை வைத்துக்கொண்டு வாழ்கிறான். ஜஸீமா தன் வாயால் "என் தப்பு" என்று ஒரு தடவை சொல்லிக் கேட்க வேண்டும். குழம்பில் உப்பு கூடினால் உப்பு கம்பெனியைத் திட்டுகிறவளிடம் இந்த ஆசை நிறைவேறாது என்று அவனுக்கும் தெரியும். இருந்தாலும் மனிதனுக்கு ஏதாவது ஒரு நம்பிக்கை வேண்டுமே.

கடைப் பலகையில் 'மின்நூல் செய்து தரப்படும்' என்ற வரியைச் சேர்த்தபோது ஜஸீமா தன் வாழ்நாளில் ஒரு மின்நூலைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் அப்படி எழுதி வைத்திருந்தார். அவர் எழுதினால் இவள் எழுதாமல் இருக்க முடியுமா? வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். வந்தவர் மனோகரன்.

மனோகரன் விம்கோ நகர்க்காரர். ஒரு தனியார் சரக்கு யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலையணைக் கனத்துக்கு ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். தூசி எழுந்தது.

"இன்னா அண்ணே, நாவலா?"

"நாவலா? நாயம், தங்கச்சி. பந்து கோட்டைத் தாண்டல. அத்த எய்திக்கீறேன்."

"அதுக்கா இத்தினி பக்கம்?"

"சுருக்கமா சொன்னா அவன் ஒத்துக்க மாட்டான்."

அவன் என்பது மேத்யூ. ராயபுரத்துக்காரர், அதே யார்டில் கிரேன் ஓட்டியவர், மனோகரனின் உயிர்த் தோழராக இருந்தவர். 'இருந்தவர்' என்று சொல்லக் காரணம் ஒரு கால்பந்துப் போட்டி. வியாசர்பாடி மைதானத்தில் யார்டு அணிக்கும் வியாசர்பாடி அணிக்கும் தொழிலாளர் கோப்பைக்கான இறுதியாட்டம். மனோகரன் கோல் கீப்பர், மேத்யூ நடுவர். கடைசி நேரத்தில் வந்த பந்தை மனோகரன் கோட்டின் மேலேயே விழுந்து அமுக்கிப் பிடித்தார். மேத்யூ கோல் என்று விசில் ஊதினார். கோப்பை வியாசர்பாடிக்குப் போனது. அன்றைக்கு முறிந்த பேச்சு, ஒரே யார்டில் இருவரும் வேலை பார்த்த காலம் முழுக்க ஒட்டவில்லை. நாடுகள் எல்லைக் கோட்டுக்காகச் சண்டை போட்டுவிட்டு நாலைந்து வருடத்தில் கை குலுக்கிக்கொள்கின்றன. இவர்கள் சுண்ணாம்புக் கோட்டுக்காக ஆயுளையே எழுதி வைத்தவர்கள்.

இப்போது என்ன அவசரம் என்றால், மேத்யூவின் கண் போய்க்கொண்டிருந்தது. பெங்களூரில் நர்ஸாக இருக்கும் மகள் ரெஜினா, வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரை ஒரேயடியாகத் தன்னோடு அழைத்துப் போகிறாள். காகிதத்தில் அச்சடித்த எதையும் அவரால் படிக்க முடியாது. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து ரெஜினாவிடம் கொடுத்த, புத்தகம் படிக்க மட்டுமே ஆன ஒரு பழைய டேப் அவரிடம் இருந்தது. அதில் எழுத்தைப் பெரிதாக்கி, திரைக்கு நாலைந்து சொல்லாக வைத்து, ஆங்கிலத் துப்பறியும் கதைகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"பெங்களூர் போயிட்டா அவ்ளோதான் தங்கச்சி. கண்ணு கீற வரைக்கும் படிச்சிட்டு, 'தப்புதான்டா மனோகரா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவட்டும். வேற ஒண்ணும் வோணாம் எனக்கு." சொல்லிக்கொண்டே காகிதக் கட்டின் ஓரங்களைத் தட்டிச் சரி செய்தார். ஜஸீமா கிண்டல் செய்ய வாய் திறந்தவள் மூடிக்கொண்டாள். அது அவளுக்கு அவ்வளவு பழக்கமில்லாத காரியம்.

ரெஜினா இந்தத் திட்டத்துக்கு உடந்தை. அப்பாவுக்குத் தெரியாமல் புத்தகத்தை டேபில் ஏற்றி, புறப்படுகிற அன்று கையில் கொடுப்பதாக ஏற்பாடு.

ஜஸீமா தட்டச்சு செய்தாள், புத்தகமாக்கினாள், தன் போனில் திறந்து பார்த்தாள். அழகாக இருந்தது. ரெஜினாவுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது. "அக்கா, டேப்ல ஒரு எழுத்துகூட வரல. எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு."

"டேப் கலீஜா கீது. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கும்மா."

"மத்த புக் எல்லாம் நல்லா வருதே அக்கா."

"கடல் காத்து பட்டிருக்கும்."

அப்பாவுக்காக டேபை முந்தின வாரம்தான் பெங்களூரிலிருந்து தான் கொண்டுவந்ததாக ரெஜினா சொன்னாள். பெங்களூருக்குக் கடலைக் கொண்டுபோக முடியாததால் ஜஸீமாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. என்னதான் கோளாறு என்று உட்கார்ந்து பார்த்தாள். யாரோ ஒருவர் இந்தியில் விளக்கும் வீடியோக்களை அரைகுறை உருதுவை வைத்துப் புரிந்துகொண்டாள். விஷயம் இதுதான். அவள் போனில் தமிழ் எழுத்து ஏற்கெனவே இருக்கிறது. புத்தகம் எழுத்தைக் கொண்டுவராவிட்டால் போன் தன் எழுத்தைக் கடன் கொடுத்துக் காட்டிவிடும். அந்தப் பழைய டேபில் தமிழ் எழுத்தே கிடையாது. கடன் கொடுக்க ஒன்றுமில்லாதபோது கட்டத்தைக் காட்டும். ஆகவே ஃபாண்ட்டைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்து அனுப்ப வேண்டும்.

வைத்து அனுப்பினாள். ரெஜினா டேபைக் கடைக்கே எடுத்து வந்தாள். திறந்தால், முதல் பக்கத்தில் மனோகரனின் பெயர் கறுகறுவென்று வந்து நின்றது. பெரிதாக்கினார்கள், இன்னும் பெரிதாக்கினார்கள். 'கோ' என்ற ஒரே எழுத்து திரை முழுக்க வந்தது. ஜஸீமா ஏதோ தமிழ் எழுத்தையே தான் கண்டுபிடித்ததுபோல நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். மனோகரன் வந்தார். அவர் முன்னால் தன் பிரதாபத்தைக் காட்ட வேண்டும் என்று ஜஸீமாவுக்குத் தோன்றியது. "உள்ளாற இன்னா இன்னா கீது பாருங்க அண்ணே" என்று புத்தகத்தின் விவரங்களைத் திரையில் திறந்து வைத்தாள். தலைப்பு, ஆசிரியர் பெயர், மொழி, அதற்குக் கீழே மென்பொருள் தானாகப் போட்டிருந்த ஒரு நீண்ட எண்.

"இது இன்னா நம்பரு?"

"புக்கோட நம்பரு அண்ணே. ஒவ்வொரு புக்குக்கும் ஒண்ணு."

மனோகரன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எண்கணிதத்தில் அவருக்கு உள்ள ஈடுபாடு ஊருக்கே தெரியும். ஆங்கிலத்தில் தன் பெயரின் கடைசியில் ஒரு எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டவர். பேரனுக்கு வைக்கப் பார்த்த பெயரையெல்லாம் கூட்டிப் பார்த்தே தள்ளியவர். உள்ளங்கையில் கூட்டிக்கொண்டே போனார். நடுநடுவே வந்த ஆங்கில எழுத்துகளுக்கும் அவரிடம் எண் இருந்தது. முடித்ததும் முகம் வெளிறிவிட்டது.

"எட்டு வருது."

"வந்தா இன்னா?"

"எட்டு சனி, தங்கச்சி! எட்டுல போய் எவனாவது கேஸ் ஜெயிச்சுக்கீறானா? அவன் படிச்சிட்டு இன்னொரு தபா கோலுன்னு சொல்லிடுவான். அஞ்சு வர்ற மாதிரி மாத்து."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று தெரியாததால் சொல்லவில்லை, தெரியாது என்று சொல்லும் வழக்கமும் கடையில் இல்லை. "அஞ்சுதானே? ரெண்டு நிமிசம்" என்றாள்.

மின்நூல் வெளியே பார்க்க ஒரே கோப்பு. உள்ளே அது டிபன் கேரியர். ஒரு தட்டில் எழுதியது, ஒரு தட்டில் ஃபாண்ட், ஒரு தட்டில் பெயரும் எண்ணும். ஜஸீமா கேரியரைப் பிரித்தாள், எண்ணை மாற்றினாள், மூடினாள். புத்தகம் திறக்கவே இல்லை. 'நான் ஒரு மின்நூல்' என்று சொல்லும் துளியூண்டு கோப்பு ஒன்று அதில் உண்டு. அது எல்லாவற்றுக்கும் முதலில் இருக்க வேண்டும், அதை மட்டும் அழுத்திச் சுருக்காமல் வைக்க வேண்டும். கல்யாண வீட்டில் முதல் வரிசை நாற்காலி கேட்கும் மாமாவைப் போல அதற்கு ஒரு மரியாதை. அதையும் வீடியோ பார்த்துச் சரி செய்து, மறுபடி கட்டி, தன் போனில் திறந்தாள். திறந்தது. எழுத்து பளிச்சென்று இருந்தது. ரெஜினாவுக்கு அனுப்பி, "பழசை அழிச்சிட்டு இத்த ஏத்து, அஞ்சு நம்பரு" என்று சொன்னாள். ரெஜினா மூட்டை கட்டும் அவசரத்தில் ஏற்றிவிட்டுப் போனாள்.

பார்த்தது போனில். கடன் கொடுக்கிற போனில். ஒரு தடவை பட்ட பாட்டை மறக்க ஜஸீமாவுக்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கூட்டம் மேத்யூ வீட்டில் நிறைந்திருந்தது. கூடத்தில் கயிறு போட்டுக் கட்டிய பெட்டிகள். ரெஜினா எல்லோருக்கும் சோறும் வஞ்சிர மீன் குழம்பும் பரிமாறிக்கொண்டிருந்தாள். ஜஸீமாவும் அழைக்கப்பட்டிருந்தாள். மனோகரன் நெடுநாளைக்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதித்தார். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

ரெஜினா டேபைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் வைத்தாள். "டாடி, உங்களுக்கு ஒரு புக். தமிழ்ல."

"தமிழ்லயா? இதுல தமிழ் வருமா?" மேத்யூவின் முகம் மலர்ந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைக் கண்ணருகே கொண்டுபோனார். பார்த்தார். விரலால் எழுத்தைப் பெரிதாக்கினார். மறுபடி பெரிதாக்கினார். எழுந்து ஜன்னலருகே வெளிச்சத்துக்குப் போனார். திரும்பி வந்து உட்கார்ந்து, டேபை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"ரெஜினா" என்றார் மெதுவாக. "போயிடுச்சும்மா."

"என்ன டாடி?"

"கண்ணு. நேத்து ராத்திரி வரைக்கும் படிச்சேன். இப்ப வெறும் கட்டமாத் தெரியுது. டாக்டர் சொன்னாரில்ல, ஒரு நாள் திடீர்னு போயிடும்னு. இன்னிக்குத்தான் போலக்கீது."

யாரோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். மனோகரன் நிலையை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

ஜஸீமாவின் கையில் மீன் துண்டு இருந்தது. இப்படி ஒரு வாய்ப்பு அவள் தொழில் வாழ்க்கையில் வந்ததே இல்லை. பழியைச் சுமக்க ஒரு கண் நோய் தானாக முன்வந்து நிற்கிறது. டாக்டர் சாட்சி. ஊரே ஒப்புக்கொண்டாகிவிட்டது. அவள் பூசி மெழுக வேண்டியதுகூட இல்லை, மீனைத் தின்று முடித்துக் கை கழுவினால் போதும். எழுபது வயதுக் கிழவர், பார்வை போய்விட்டது என்று நம்பிக்கொண்டே ரயில் ஏறுவார். அவ்வளவுதான்.

அவர் விரல்கள் கவிழ்ந்து கிடந்த டேபின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தன. ஜஸீமா தட்டைக் கீழே வைத்தாள்.

"அய்யா, உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல." எழுந்து போய் டேபைத் திருப்பிப் பார்த்தாள். "எனக்கும் கட்டமாத்தான் தெரியுது. எல்லாருக்கும் அப்பிடித்தான் தெரியும். நான் செஞ்ச புக்கு இது. நான்தான் கெடுத்துட்டேன். என் தப்பு."

இந்த ஒரு சொல்லுக்காகக் காலமெல்லாம் காத்திருந்த தப்ரேஸ் அந்த நேரத்தில் தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் ஏசி மாட்டிக்கொண்டிருந்தான். அவன் ராசி அப்படி.

மேத்யூ நம்பவில்லை. டேபை ரெஜினாவிடம் நீட்டினார். "கட்டமாம்மா?" "கட்டம்தான் டாடி" என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்து வீட்டு சொக்கம்மாளும் எட்டிப் பார்த்து, "ஆமா, எனக்கும் கட்டமாத்தான் கீது" என்று சாட்சி சொன்னாள். அதன் பிறகே அவருக்கு மூச்சு வந்தது.

ஜஸீமா யோசித்தாள். கடையில் ரெஜினா கொண்டுவந்து காட்டியபோது எழுத்து வந்தது. இன்று வரவில்லை. நடுவில் மாறியது எண் ஒன்றுதான். அந்த எண்ணுக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. ஃபாண்ட்டை யாரும் திருடிப் போகாதபடி மென்பொருள் அதைப் பூட்டித்தான் உள்ளே வைக்கிறது, அந்தப் பூட்டுக்குச் சாவியே புத்தகத்தின் எண்தான், எண்ணை மாற்றினால் சாவியைத் தூக்கிக் கடலில் போட்டதற்குச் சமம் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. சனி பகவானுக்குத் தெரிந்திருந்தால் எட்டைத் தொட விட்டிருக்க மாட்டார்.

"அண்ணே, பழைய நம்பர் புக்கு என் போன்ல கீது. அத்தப் போட்டா எழுத்து வந்துடும். ஆனா அது எட்டு."

மனோகரன் மேத்யூவைப் பார்த்தார். சட்டையெல்லாம் வியர்த்து உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் பார்த்தார். "எட்டோ எழவோ, போடு தங்கச்சி."

கேபிள் தேடினார்கள், கட்டிய பெட்டி ஒன்றை அவிழ்த்து எடுத்தார்கள். பழைய புத்தகம் ஏறியது. எழுத்து வந்தது. மேத்யூ தலைப்பையும் எழுதியவர் பெயரையும் படித்ததுமே வாசல் பக்கம் திரும்பினார். "மனோகரனா அங்க நிக்கிறது? உள்ள வாடா" என்றார். மனோகரன் உள்ளே வந்தார். உட்காரவில்லை.

கோல் நடந்த அத்தியாயத்தை ரெஜினா எடுத்துக் கொடுத்தாள். திரைக்கு நாலு சொல்லாக மேத்யூ படித்தார். விரல் ஒவ்வொரு தடவை பக்கத்தைத் தள்ளும்போதும் மனோகரன் எந்த வரி என்று எட்டிப் பார்த்தார். வந்தவர்கள் சிலர் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஜஸீமாவால் போக முடியவில்லை. தான் செய்த பொருளை ஒருவர் இப்படி வரி வரியாகப் படிப்பதை அவள் பார்த்ததே இல்லை. கல்யாணப் பத்திரிகையை யாரும் இப்படிப் படிப்பதில்லை.

மேத்யூ கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னிக்கு எனக்குக் கோடு தெரியலடா."

"இன்னா?"

"கோடும் தெரியல, பந்தும் தெரியல. அப்பவே ஓரமெல்லாம் இருட்டிக்கினு வந்துச்சு. நேரா பார்த்தா நடுவுல கொஞ்சம் தெரியும், அவ்ளோதான். எல்லாரும் கோலுன்னு கத்தினானுங்க, ஊதிட்டேன்." ஜஸீமா இருந்த பக்கம் கையைக் காட்டினார். "இந்தப் பொண்ணு சபைல ஒரு நிமிசத்துல சொல்லிடுச்சு. என்னால இத்தினி வருசமா முடியல."

"தெரியலன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

"ஏன் தெரியலன்னு கேப்பானுங்க. கிரேன்ல இருந்து எறக்கிடுவானுங்க. ரெஜினாவைப் படிக்க வெக்கணும். கண்ணு டெஸ்டு வந்தா போர்டுல இருக்கிற எழுத்தை மனப்பாடம் பண்ணிக்கினு போய் ஒப்பிப்பேன்."

மனோகரன் ஜெயித்துவிட்டார். தலையணைக் கனத்துக்கு எழுதியது வீண் போகவில்லை. குதித்திருக்க வேண்டும், ஒரு விசிலாவது அடித்திருக்க வேண்டும். அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"மேத்யூ, அதுக்கப்பறம் எவ்ளோ காலம்டா கிரேன் ஓட்டின?"

"ரிட்டயர் ஆவுற வரைக்கும்."

"கீய நின்னு கை காட்டினது யாரு?"

"நீதான்."

"டேய், கன்டெய்னர் என் தலைக்கு மேல தொங்கிகினு இருக்கும்டா!"

"தெரியும்" என்றார் மேத்யூ. "கன்டெய்னர் தெரியாது, தரை தெரியாது. நட்ட நடுவுல உன் ரெண்டு கை மட்டும் தெரியும். நீ தூக்குன்னா தூக்குவேன், நிறுத்துன்னா நிறுத்துவேன். என்னோட பேச்சே இல்ல உனக்கு. ஒரு தபாகூட நீ தப்பா காட்டல."

மனோகரன் பக்கத்திலிருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலுக்கு நேரமாகிறது என்று ரெஜினா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.